சொகுசுக் கப்பலில் பஃபே: ‘அன்லிமிடெட்’ சாப்பாட்டில் எது இலவசம், எதில் கவனம்? ஓசூர், கிருஷ்ணகிரி பயணிகளுக்கு முழு விவரம்

சென்னையிலிருந்து சொகுசுக் கப்பல் புறப்படுதுன்னு செய்தி வந்தாலே, அடுத்து வரும் கேள்வி “சாப்பாடு எப்படி?” என்பதுதான். டிக்கெட் விளம்பரத்தில் ‘எல்லா வேளை உணவும் சேர்த்து’ என்று ஒரு வரி இருக்கும். அந்த ஒரு வரிக்குள் பஃபே, ரெஸ்டாரன்ட், பார், தனிக் கட்டணம் என்று பல விஷயங்கள் அடங்கியிருக்கு.

ஓசூர், கிருஷ்ணகிரி பகுதியிலிருந்து போகிறவர்களுக்கு இது சின்னச் செலவு இல்லை. ஓசூரிலிருந்து சென்னைத் துறைமுகத்துக்கே 300 கிலோமீட்டருக்கு மேல் பயணம். இன்றைக்கும் ரயில் நிலையம் இல்லாத கிருஷ்ணகிரி நகரத்துக்காரர்கள் பஸ்ஸிலோ காரிலோதான் கிளம்பணும். அவ்வளவு தூரம் போய், அவ்வளவு பணம் கட்டி, இரண்டாவது நாளே வயிறு கெட்டு அறைக்குள் படுத்துக் கிடந்தால் எப்படி இருக்கும்?

அதனால் கப்பல் பஃபே எப்படி இயங்குது, எதுக்குப் பணம் கட்டணும், எதைப் பார்த்துச் சாப்பிடணும்னு ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

பஃபே என்றால் என்ன? பந்தியிலிருந்து எப்படி வேறுபடுது?

பந்தியில் நாம உட்கார்ந்திருப்போம், பரிமாறுகிறவர் நடப்பார். பஃபேயில் சாப்பாடு ஒரே இடத்தில் இருக்கும், நாம நடக்கணும். வித்தியாசம் இவ்வளவுதான். ஆனால் இந்த ஒரு மாற்றத்தால் மூன்று விஷயங்கள் மாறிடுது. எவ்வளவு சாப்பிடுவது என்ற அளவு நம்ம கைக்கு வருது. கரண்டியைத் தொடும் கைகள் நாலைந்திலிருந்து நூற்றுக்கணக்காகுது. சமைத்த உணவு மணிக்கணக்கில் திறந்த இடத்தில் காத்திருக்குது.

இந்த முறையின் பிரபலமான வேர் ஸ்வீடனின் ‘ஸ்மோர்காஸ்போர்ட்’ விருந்து. 1939-ல் நியூயார்க்கில் நடந்த உலகக் கண்காட்சி மூலம் அது அமெரிக்காவில் பரவலாகத் தெரிய வந்தது. 1958-ல் டோக்கியோவின் இம்பீரியல் ஹோட்டல் அதே பாணியில் ‘இம்பீரியல் வைக்கிங்’ என்ற உணவகத்தைத் திறந்தது. ஜப்பானில் இன்றைக்கும் பஃபேயை ‘வைக்கிங்’ என்று சொல்வது அதனால்தான். நம்ம ஊர்ல இப்போ கல்யாண மண்டபங்கள் வரைக்கும் பஃபே வந்தாச்சு.

சென்னையிலிருந்து போகும் கப்பல் எது?

கோர்டிலியா க்ரூஸஸ் நிறுவனத்தின் ‘எம்பிரஸ்’ கப்பல்தான் தமிழ்நாட்டுப் பயணிகளுக்குப் பழக்கமான பெயர். இது புதுக் கப்பல் கிடையாது. 1990-ல் பிரான்ஸின் செயின்ட் நசேர் கப்பல் கட்டும் தளத்தில் ‘நார்டிக் எம்பிரஸ்’ என்ற பெயரில் உருவானது. பிறகு ராயல் கரீபியன் நிறுவனத்தில் ‘எம்பிரஸ் ஆஃப் தி சீஸ்’ என்ற பெயரில் ஓடியது. நீளம் சுமார் 210 மீட்டர், உள்ளே சுமார் 800 அறைகள்.

2021 செப்டம்பரில் மும்பையிலிருந்து கோர்டிலியா பெயரில் இந்தக் கப்பல் பயணத்தைத் தொடங்கியது. 2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்து கிளம்பிய பயணத்தை முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் கொடியசைத்துத் தொடங்கி வைத்தார். 2023 ஜூனில் சென்னையிலிருந்து இலங்கைக்கான பயணத்தை மத்திய அமைச்சர் சர்பானந்த சோனோவால் தொடங்கி வைத்தார். அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய துறைமுகங்கள் அந்தப் பயணத் திட்டத்தில் இருந்தன.

ஒன்றை மறந்துடாதீங்க: கப்பல் வருடம் முழுக்கச் சென்னையில் நிற்காது. மேற்குக் கடற்கரையில் தென்மேற்குப் பருவமழை கொட்டும் மாதங்களை ஒட்டித்தான் சென்னைப் பயணங்கள் பெரும்பாலும் அமையும். தேதியை உறுதி செய்த பிறகே லீவு போடுங்க.

கப்பலில் எங்கெங்கே சாப்பிடலாம்?

உலகத்தின் எந்தப் பெரிய பயணிகள் கப்பலை எடுத்தாலும் சாப்பாட்டு இடங்கள் பொதுவாக மூன்று வகை.

முதலாவது, பஃபே. பெரும்பாலும் மேல் தளத்தில், நீச்சல் குளத்துக்குப் பக்கத்தில் இருக்கும். ராயல் கரீபியன் கப்பல்களில் இதுக்கு ‘விண்ட்ஜாமர்’ என்று பெயர். கோர்டிலியாவில் ‘ஃபுட் கோர்ட்’. உடைக் கட்டுப்பாடு அதிகம் இருக்காது. காலை, மதியம், இரவு மூன்று வேளையும் நினைத்த நேரத்தில் போகலாம். வேளைக்கு இரண்டு மூன்று மணி நேரம் திறந்திருக்கும்.

இரண்டாவது, மெயின் டைனிங் எனப்படும் பெரிய உணவுக் கூடம். இங்கே உட்கார்ந்தால் மேசைக்கே கொண்டு வருவாங்க. கோர்டிலியாவில் இதன் பெயர் ‘ஸ்டார்லைட்’. பல கப்பல்களில் இரவுச் சாப்பாட்டுக்கு இரண்டு ‘சிட்டிங்’ இருக்கும். நம்ம ஊர் முதல் பந்தி, இரண்டாம் பந்தி மாதிரி.

மூன்றாவது, ஸ்பெஷாலிட்டி ரெஸ்டாரன்ட். ஒரு குறிப்பிட்ட நாட்டுச் சமையல் மட்டும் கிடைக்கும். இதுக்குப் பெரும்பாலும் தனிக் காசு.

நிறைய பேர் பஃபே மட்டும்தான் டிக்கெட்டில் சேர்த்தின்னு நினைச்சு, பயணம் முழுக்க மேல் தளத்திலேயே வரிசையில் நின்னுட்டு வந்துடறாங்க. மெயின் டைனிங்கும் பெரும்பாலான கப்பல்களில் டிக்கெட்டுக்குள்தான். ஏறினதும் முதல் வேலையாகக் கேட்டுத் தெரிஞ்சுக்கோங்க.

டிக்கெட்டில் எது அடங்கும், எது அடங்காது?

பொதுவாக அடங்குவது: பஃபே, மெயின் டைனிங், குடிநீர், பஃபே நேரத்தில் டீ, காபி.

பொதுவாக அடங்காதது: மது, பாட்டில் குளிர்பானம், ஸ்பெஷாலிட்டி ரெஸ்டாரன்ட், சில கப்பல்களில் அறைக்கே வரவழைக்கும் சாப்பாடு, மருத்துவர் கட்டணம். சில நிறுவனங்கள் நாள் கணக்கில் சேவைக் கட்டணத்தையும் தனியாக வாங்கும். கப்பலில் கையில் காசு கொடுக்க மாட்டீங்க. அறை அட்டையில் கணக்கு ஏறும், கடைசி நாளில் பில் வரும். அதனால் குழந்தைகள் கையில் அட்டையைக் கொடுக்கும் முன் யோசிங்க.

இன்னொன்று. புளியோதரை, கறிக்குழம்பு என்று கட்டிக்கொண்டு போகும் பழக்கம் நமக்கு உண்டு. வெளியே சமைத்த உணவையும், கெட்டில் மாதிரி சூடாக்கும் கருவிகளையும் பெரும்பாலான கப்பல்கள் அனுமதிப்பதில்லை. தீ விபத்துப் பயம் ஒரு காரணம், சுகாதாரம் இன்னொரு காரணம். கைக்குழந்தைக்கான உணவு, மருத்துவக் காரணத்துக்கான உணவு இருந்தால் டிக்கெட் எடுக்கும்போதே எழுத்தில் கேட்டு அனுமதி வாங்கிடுங்க.

ஓசூர் கேன்டீனுக்கும் கப்பல் பஃபேக்கும் என்ன சம்பந்தம்?

நிறைய இருக்கு. ஓசூர் சிப்காட்டில் ஷிஃப்ட் பார்க்கிற யாரும் கப்பல் பஃபேயைப் பார்த்து மிரள வேண்டியதில்லை. தட்டை எடுத்து வரிசையில் நகர்ந்து சாப்பிடுவது அவர்களுக்குத் தினசரிப் பழக்கம்.

தொழிற்சாலை கேன்டீன் என்பது முதலாளி போனால் போகுதுன்னு தரும் சலுகை இல்லை. 1948-ம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 46-வது பிரிவு, 250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலைகளில் கேன்டீன் அமைக்க வழி செய்தது. கேன்டீன் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் பிரதிநிதிகள் இருக்கவும் அதே பிரிவு இடம் கொடுத்தது. 2020-ல் நிறைவேறிய தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தொகுப்பு இந்த எண்ணிக்கையை ஒப்பந்தத் தொழிலாளர்களையும் சேர்த்து 100 ஆகக் குறைத்தது.

சமையலறையும் ஏறக்குறைய ஒன்றுதான். பெரிய கேன்டீன்களில் நீராவியில் சோறும் சாம்பாரும் வேகும். கப்பலிலும் பெரும்பாலும் கேஸ் அடுப்பு இருக்காது, மின்சாரமும் நீராவியும்தான். நடுக்கடலில் தீப்பிடித்தால் ஓடிப்போக இடமில்லை என்பதால் திறந்த நெருப்பைத் தவிர்க்கிறாங்க.

வித்தியாசம் நேரத்தில் இருக்கு. ஆலையில் சாப்பாட்டு இடைவேளை அரை மணி நேரம் என்றால், சமைத்ததெல்லாம் அந்த அரை மணியில் காலியாகணும். கேன்டீனில் மெனு கம்மி, கூட்டம் ஒரே நேரத்தில், பாத்திரம் சீக்கிரம் காலி. கப்பலில் ஐட்டம் ஏராளம், மக்கள் மூன்று மணி நேரம் விட்டு விட்டு வருவாங்க. சில பாத்திரங்கள் யாரும் தொடாமலே நிற்கும். அங்கேதான் பிரச்னை ஆரம்பிக்குது.

கூட்டுச் சமையலில் தவறு நடந்தால் என்ன ஆகும் என்பதற்கு வெளிநாட்டு உதாரணம் தேவையில்லை. 2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள் தங்கியிருந்த விடுதியில் உணவு ஒவ்வாமையால் 150-க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டாங்க. சக தொழிலாளர்கள் சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையில் மறியல் செய்தது நாடு முழுக்கச் செய்தியானது. கிருஷ்ணகிரி, ஓசூர் வழியாகப் பெங்களூரு போகும் அதே சாலைதான்.

சாப்பாடு எப்போது ஆபத்தாக மாறுது?

இரண்டு எண்களை மட்டும் மனசில் வைங்க: 60, 5.

உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு இது. சூடான உணவு 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருக்கணும். குளிர்ந்த உணவு 5 டிகிரி அல்லது அதுக்கும் கீழே இருக்கணும். இடைப்பட்ட வெப்பத்தில் கிருமிகள் வேகமாகப் பெருகும். சமைத்த உணவைச் சாதாரண அறை வெப்பத்தில் 2 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது.

நம்ம ஆட்கள் சாதாரணமாக நினைக்கும் சோறும் இதில் சேர்த்தி. வெந்த சோற்றிலும் தாக்குப்பிடிக்கும் ‘பேசிலஸ் சீரியஸ்’ என்ற பாக்டீரியா உண்டு. சோறு வெதுவெதுன்னு ரொம்ப நேரம் கிடந்தால் அது நச்சை உருவாக்கும். வாந்தியை உண்டாக்கும் அந்த நச்சு, திரும்பச் சூடாக்கினாலும் அழியாது. ஆறிக் கிடக்கிற ஃப்ரைடு ரைஸைவிட ஆவி பறக்கிற இட்லி பாதுகாப்பு.

கப்பலில் அதிகம் பேசப்படும் வில்லன் நோரோ வைரஸ். 100-க்கும் குறைவான வைரஸ் துகள்கள் உள்ளே போனாலே நோய் வரலாம். பொதுவாக 12 முதல் 48 மணி நேரத்துக்குள் வாந்தி, வயிற்றுப்போக்கு ஆரம்பிக்கும். பெரும்பாலானோருக்கு 1 முதல் 3 நாளில் சரியாகிடும். ஆனால் சின்னக் குழந்தைகளுக்கும் வயதானவர்களுக்கும் நீரிழப்பு ஆபத்தாகலாம். கரை பக்கத்தில் இல்லாத இடத்தில் அது இன்னும் பெரிய கவலை.

அதுக்காகக் கப்பலே நோய்க் கூடாரம்னு முடிவு கட்ட வேண்டாம். அமெரிக்காவில் பதிவாகும் நோரோ வைரஸ் பரவல்களில் கப்பல்களின் பங்கு சுமார் 1 சதவீதம்தான் என்கிறது அந்த நாட்டின் நோய்க் கட்டுப்பாட்டு மையம். கப்பலில் நடந்தால் உடனே வெளியே தெரியுது, அவ்வளவுதான்.

சானிடைசர் போட்டால் போதாதா?

போதாது. நோரோ வைரஸை ஆல்கஹால் சானிடைசர் முழுசாகக் கொல்லாது. சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் 20 விநாடி கழுவணும். பஃபே வாசலில் சானிடைசர் நீட்டுவாங்க, வாங்கிக்கோங்க. ஆனால் அதுக்கு முன்னாடியே கை கழுவிட்டு வந்திருக்கணும்.

இன்னொரு சூட்சுமம்: தட்டை நிரப்பும்போது பொதுக் கரண்டியையும் இடுக்கியையும் தொடுவீங்க. உங்களுக்கு முன்னாடி நூறு பேர் அதைத் தொட்டிருப்பாங்க. நாம கையால் பிசைந்து சாப்பிடுகிறவங்க. அதனால் தட்டை மேசையில் வைத்த பிறகு இன்னொரு தடவை கை கழுவிட்டு உட்காருங்க. ஸ்பூனில் சாப்பிடுகிற வெளிநாட்டுக்காரரைவிட நமக்கு இது முக்கியம்.

கொரோனாவுக்குப் பிறகு பல கப்பல்களில் ஊழியர்களே எடுத்து வைக்கும் முறை வந்தது. அப்படி ஆள் நிற்கும் கவுன்டர் இருந்தால் அதையே முதலில் தேர்ந்தெடுங்க.

இதையெல்லாம் யார் சோதிக்கிறாங்க?

வெளிநாட்டுத் துறைமுகங்களுக்குப் போய் அமெரிக்கா வரும் கப்பல்களை அந்த நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் முன்னறிவிப்பு இல்லாமல் சோதித்து 100-க்கு மதிப்பெண் போடுது. 85 அல்லது அதுக்குக் கீழே வாங்கினால் ஃபெயில். மதிப்பெண்ணை யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம். பயணிகளிலோ ஊழியர்களிலோ 3 சதவீதம் பேருக்கு வயிற்றுக் கோளாறு வந்தால் அதையும் வெளியிடுவாங்க.

இந்தியாவில் சர்வதேச சுகாதார விதிகள் 2005-ன்படி, மத்திய சுகாதாரத் துறையின் துறைமுக சுகாதார அலுவலகங்கள் கப்பல்களைச் சோதித்துச் சுகாதாரச் சான்றிதழ் தருது. சென்னையிலும் அந்த அலுவலகம் உண்டு. இந்தச் சான்றிதழ் 6 மாதம் செல்லும்.

ஆனால் பஃபே மேசையில் மதியம் 2.45 மணிக்கு எந்த அதிகாரியும் நிற்கப் போவதில்லை. அந்த நேரத்துச் சோதனை உங்க கண்ணும் கையும்தான்.

தட்டை எப்படி நிரப்பலாம்?

‘பந்திக்கு முந்து’ என்ற பழமொழி கப்பலில் அப்படியே செல்லுபடியாகும். பஃபே திறந்த முதல் அரை மணியில் போனால் சாப்பாடு புதுசு, சூடு சரியாக இருக்கும், கரண்டியும் சுத்தம். ஆனால் கப்பல் ஏறும் முதல் நாள் மதியம் மட்டும் இதுக்கு விதிவிலக்கு. அறைகள் தயாராகும் வரை எல்லாரும் பஃபேயில்தான் குவிவாங்க. அன்றைக்கு மெயின் டைனிங் திறந்திருக்கான்னு கேளுங்க.

முதலில் தட்டு இல்லாமல் ஒரு சுற்று நடங்க. வரிசையின் ஆரம்பத்தில் பிரெட், சாலட், சோறு மாதிரி வயிற்றை நிரப்பும் ஐட்டங்கள் இருப்பது வழக்கம். விலை உயர்ந்தவை கடைசியில், ஆள் நின்று பரிமாறும் இடத்தில் இருக்கும். தெரியாமல் நிரப்பினால் கடைசிக்கு வரும்போது தட்டில் இடம் இருக்காது.

ஆவி பறக்கிறதா, ஐஸ் மேல் இருக்கிறதா என்று பாருங்க. இரண்டும் இல்லாத இறைச்சி, மயோனைஸ் சாலட், க்ரீம் இனிப்பு என்றால் கடந்து போயிடுங்க.

சைவம் மட்டும் சாப்பிடுகிறவங்க பெயர்ப் பலகையைப் படிங்க. கேக்கில் முட்டை இருக்கலாம், சூப்பில் எலும்புச் சாறு இருக்கலாம். ஒரு கரண்டி இன்னொரு பாத்திரத்துக்குப் போவதும் சகஜம். வேர்க்கடலை மாதிரி ஒவ்வாமை உள்ளவர்களுக்கு இது உயிர் விஷயம். அவர்கள் பஃபேயைத் தவிர்த்து, மெயின் டைனிங்கில் முன்கூட்டியே சொல்லித் தனியாகச் சமைத்து வாங்குவது நல்லது.

சர்க்கரை நோய் உள்ளவங்க மாத்திரை நேரத்தைப் பஃபே நேரத்தோடு முதல் நாளே ஒப்பிட்டுக்கோங்க. இட்லி, தோசை, சப்பாத்தி எதிர்பார்க்கலாம். நம்ம பக்கத்து ராகிக் களியை எதிர்பார்க்க வேண்டாம்.

கடல் அலை அதிகமாக இருக்கும் நாளில் மேல் தளத்தில் ஆட்டம் கூடுதலாகத் தெரியும். தலை சுற்றினால் கீழ்த் தளத்தில், கப்பலின் நடுப்பகுதிக்குப் பக்கத்தில் உள்ள மேசையில் கொஞ்சமாகச் சாப்பிடுங்க.

வயிறு கெட்டுப்போனால் என்ன செய்யணும்?

மறைக்காதீங்க. தனிமைப்படுத்திடுவாங்க, காசு வீணாகிடும்னு பயந்து மாத்திரையைப் போட்டுக்கிட்டு மறுபடியும் பஃபே வரிசையில் நிற்பதுதான் இருக்கிறதிலேயே பெரிய தப்பு. அந்த ஒருவர் தொட்ட கரண்டியை அடுத்து யாரோ ஒருவரின் குழந்தை தொடும். உடனே கப்பல் மருத்துவருக்குத் தகவல் சொல்லுங்க, அறைக்கே உணவு கேளுங்க, ஓ.ஆர்.எஸ். கரைசல் குடிங்க. கிளம்பும்போதே பத்து ஓ.ஆர்.எஸ். பாக்கெட் பையில் இருக்கட்டும். மருத்துவச் செலவு உள்ளடங்கிய பயணக் காப்பீடும் எடுத்துக்கோங்க.

மிச்சமாகும் சாப்பாடு எங்கே போகுது?

கடலுக்குத்தான் பெரும்பகுதி. மார்போல் என்ற சர்வதேச ஒப்பந்தத்தின்படி, 25 மில்லிமீட்டர் சல்லடையில் போகும் அளவுக்கு அரைத்த உணவுக் கழிவைக் கரையிலிருந்து 3 கடல் மைலுக்கு அப்பால் கொட்டலாம். அரைக்காததை 12 கடல் மைலுக்கு, அதாவது சுமார் 22 கிலோமீட்டருக்கு அப்பால்தான் கொட்டணும். பாதுகாக்கப்பட்ட சில கடல்களில் விதி இன்னும் கடுமை. பிளாஸ்டிக்கை எங்கேயும் கொட்டக் கூடாது.

பஃபேயில் ஒருமுறை தட்டில் எடுத்ததைத் திரும்ப வைக்க முடியாது. வீணாவதைக் குறைக்கத்தான் பல கப்பல்களில் பெரிய ட்ரேயை எடுத்துட்டு சின்னத் தட்டு வைக்கிறாங்க. அது கஞ்சத்தனம் இல்லை. எத்தனை தடவை வேண்டுமானாலும் போகலாம். கொஞ்சம் கொஞ்சமாக எடுங்க.

கவுன்டருக்கு அந்தப் பக்கம் நிற்கிறவங்க

கேட்டரிங் படித்த இளைஞர்களுக்குக் கப்பல் சமையலறை ஒரு வேலைக் கனவு. கப்பல் ஊழியர்களுக்கான சர்வதேச ஒப்பந்தமான எம்.எல்.சி. 2006, நாளுக்குக் குறைந்தது 10 மணி நேர ஓய்வு அல்லது அதிகபட்சம் 14 மணி நேர வேலை என்ற கணக்கில் வரம்பு வைத்திருக்கு. வேலை வாங்கித் தர ஊழியரிடம் கமிஷன் வாங்கக் கூடாது என்றும் அது சொல்லுது. இந்தியாவில் ஆள் எடுக்கும் ஏஜென்சிக்குக் கப்பல் போக்குவரத்து இயக்குநரகத்தின் ஆர்.பி.எஸ்.எல். உரிமம் இருக்கணும். அந்த உரிம எண்ணைக் காட்டாமல் யாராவது லட்சக்கணக்கில் கேட்டால், அங்கேயே எழுந்து வந்துடுங்க.

சுருக்கமாக

• பஃபேயுடன் மெயின் டைனிங்கும் டிக்கெட்டில் சேர்த்தியா என்று முன்பதிவின்போதே எழுத்தில் கேளுங்க.

• மது, குளிர்பானம், ஸ்பெஷாலிட்டி ரெஸ்டாரன்ட், சேவைக் கட்டணம் ஆகியவற்றுக்குத் தனியாகப் பணம் ஒதுக்குங்க.

• பஃபே திறந்த முதல் அரை மணியில் போங்க. ஆவி பறப்பதையும் ஐஸில் இருப்பதையும் மட்டும் எடுங்க.

• சோப்பு போட்டு 20 விநாடி. தட்டை நிரப்பிய பிறகு இன்னொரு முறை.

• வாந்தி, வயிற்றுப்போக்கு என்றால் பஃபே பக்கமே போகாமல் மருத்துவரிடம் சொல்லுங்க.

இதில் பாதி, கப்பல் ஏறாதவங்களுக்கும் பொருந்தும். கல்யாண மண்டபமோ, கம்பெனி கேன்டீனோ, ஹாஸ்டல் மெஸ்ஸோ, அந்த 60-ம் 5-ம் எங்கேயும் மாறாது.